ராமேஸ்வரம் வண்டியும் 835 நாளும்: கடைசி 20 கிலோமீட்டர் அறுந்தா என்ன ஆகும்

முதல்ல கேஸ் என்னன்னு சொல்லிடறேன். 2022 டிசம்பர் 23ஆம் தேதி பழைய பாம்பன் பாலத்து மேல பயணிகள் வண்டி ஓடுறத நிறுத்துனாங்க. 2025 ஏப்ரல் 6, ராம நவமி அன்னிக்கு புதுப் பாலத்த பிரதமர் திறந்து வச்சாரு, வண்டி திரும்ப தீவுக்குள்ள போச்சு. நடுவுல எண்ணிப் பாத்தா 835 நாள். இந்த 835 நாளும் சென்னை, திருப்பதி, கன்னியாகுமரி, காசி, அயோத்தி, புவனேஸ்வர்னு பல ஊர்லேருந்து ராமேஸ்வரம் வண்டின்னு சொல்லிக்கிட்டு வண்டி கிளம்பத்தான் செஞ்சுது, ஆனா ஒண்ணு கூட ராமேஸ்வரத்துக்குள்ள ஆள இறக்கல. சிலது மண்டபத்தோட நின்னுச்சு, சிலது ராமநாதபுரத்தோட சரி.

இதுல நான் பாக்க நினைக்கிறது பாலம் கட்டுன கதைய மட்டும் இல்ல. அதப் பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க, ட்ரோன் வீடியோவும் ஆயிரம் இருக்கு. எனக்கு உறுத்துனது வேற. 1964 புயல்ல இதே பாலம் கிட்டத்தட்ட முழுசா போயிடுச்சு, 46 நாள்ல சரி பண்ணி வண்டி விட்டாங்க. இந்த தடவ பாலம் விழக்கூட இல்ல, நின்ன எடத்துல நின்னுச்சு, ஆனா வண்டி போக ரெண்டே கால் வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏன்? "புதுசா கட்டுறதும் ரிப்பேர் பண்றதும் ஒண்ணா"ன்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான், அதுக்கு அப்புறம் வர்றேன்.

இந்த வண்டி எதுக்காக ஓடுது

ராமேஸ்வரம் போற வண்டிங்க லிஸ்ட்ட ஒரு தடவ உக்காந்து பாருங்க, டைம்டேபிள் மாதிரி இருக்காது, யாத்திரை மேப் மாதிரி இருக்கும். பனாரஸ்லேருந்து ஒண்ணு, அயோத்தியிலேருந்து ஒண்ணு (அதுக்கு பேரே ஷ்ரத்தா சேது), துவாரகா பக்கத்துல இருக்கற ஓகாவுலேருந்து ஒண்ணு, பூரிக்கு பக்கத்துல புவனேஸ்வர்லேருந்து ஒண்ணு. நாலு தாம்னு சொல்ற நாலு புனிதத் தலத்துல (பத்ரிநாத், துவாரகா, பூரி, ராமேஸ்வரம்) பத்ரிநாத்துக்குத்தான் ரயில் கிடையாது, மிச்ச மூணையும் இந்த வண்டிங்க ஒரு மாதிரி கோத்துடுது. காசிக்குப் போறவங்க ராமேஸ்வரத்து கடல் மண்ண எடுத்துட்டுப் போயி பிரயாகையில கரைச்சு, அங்கேருந்து கங்கைத் தண்ணி கொண்டாந்து ராமநாதசாமிக்கு அபிஷேகம் பண்ணணும்னு ஒரு முறை இருக்கு. அதாவது ரெண்டு ஊரும் பாக்காம யாத்திரை முடியாது, போயிட்டு வந்தே ஆகணும். இந்த வடக்கத்தி வண்டிங்க பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள்தான், ஒண்ண விட்டா அடுத்த வாரம்.

நம்ம பக்கத்து வண்டின்னா சேது எக்ஸ்பிரஸ் 22661ம் போட் மெயில் 16751ம். சேது கார்டு லைன்ல விருத்தாசலம் வழியா போகும், போட் மெயில் மெயின் லைன்ல மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் சுத்திக்கிட்டு போகும். ரெண்டும் திருச்சியில ஒண்ணாகி புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரைன்னு எறங்கும். போட் மெயில்னு பேர் இருக்கே, எங்க போட்டுன்னு சின்னப் பசங்க கேப்பாங்க. 1914 பிப்ரவரியில பாம்பன் பாலம் திறந்ததுக்கு அப்புறம் எழும்பூர்ல ஏறினா தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்க கப்பல் ஏறினா தலைமன்னார், அங்கேருந்து திரும்ப ரயில்ல கொழும்பு. 1964ல தனுஷ்கோடி போச்சு, அப்புறம் கொஞ்ச காலம் ராமேஸ்வரத்துலேருந்து கப்பல் ஓடுச்சு, 1980கள்ல இலங்கையில சண்டை வந்ததும் அதுவும் நின்னுச்சு. போட்டு போயி நாப்பது வருஷம் ஆச்சு, பேர் மட்டும் இன்னும் ஓடுது.

இந்த சேவைய மத்த வண்டி மாதிரி எடை போடக்கூடாதுன்னு நான் நினைக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கல்யாணத்துக்கோ ஆபீசுக்கோ போறவன் ஒரு மணி நேரம் லேட்டானா சமாளிச்சுக்குவான். ராமேஸ்வரத்துக்கு போறவங்களுக்கு ரெண்டு கடிகாரம் இருக்கு. ஒண்ணு திதி. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, இந்த மூணு நாளும் ஊரு தாங்காது, அது நாளைக்குப் பண்ணிக்கலாம்னு தள்ளிப் போட முடியாத காரியம். ரெண்டாவது கோயில் நேரம். விடிகாலை அஞ்சு மணி வாக்குல ஸ்படிக லிங்க தரிசனம், அது முடிஞ்சா அன்னிக்கு கிடையாது. அப்புறம் அக்னி தீர்த்தத்துல கடல்ல முங்கி, ஈரத்தோட உள்ள வந்து 22 தீர்த்தக் கிணத்துலயும் வாளியில மொண்டு ஊத்திக்கிட்டு, துணி மாத்திட்டு சாமி பாக்கணும். சேதுல வந்தா விடியறதுக்கு முன்னாடியே ராமேஸ்வரத்துல இருக்கலாம், ஸ்டேஷன்லேருந்து கோயிலுக்கு ஆட்டோவுல கொஞ்ச நேரம்தான், ஸ்படிக லிங்கம் பாத்துட்டு கடலுக்குப் போனா எல்லாம் வரிசையா அமையும். இத யாரோ ஜோசியம் பாத்து டைம்டேபிள் போட்டாங்களான்னு தெரியாத அளவுக்கு பொருந்தி வரும்.

கடைசி 20 கிலோமீட்டர அறுத்துட்டா இந்த வரிசை மொத்தமா கலையுது. மண்டபத்துலேருந்து ரோட்டுல ராமேஸ்வரம் 20 கிலோமீட்டர் கிட்ட, ராமநாதபுரத்துலேருந்துன்னா 55 கிட்ட. பகல்ல அது ஒண்ணுமே இல்ல. விடிகாலை மூணு மணி இருட்டுல, மூணு பையோட, எழுபது வயசுல அது வேற தூரம்.

பக்கத்துல இருந்து பாத்தது

2024 தை அமாவாசை, பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு தர்ப்பணம் குடுக்கணும்னு கிளம்பினோம், நானும் அத்தையும். அத்தைன்னா அப்பாவோட அக்கா, எழுபத்தி மூணு வயசு, முட்டி வலி, ஆனா "எந்தம்பிக்கு நான் வராம எப்புடிடா"ன்னு ஒரே பிடிவாதம். அப்பல்லாம் 120 நாளுக்கு முன்னாடியே புக்கிங் திறக்கும் (2024 நவம்பர்லேருந்துதான் அத 60 நாளா குறைச்சாங்க), அதனால அக்டோபர்லயே காலையில எட்டு மணிக்கு போன கையில வச்சுக்கிட்டு உக்காந்து ரெண்டு ஸ்லீப்பர் எடுத்துட்டேன், அத்தைக்கு லோயர் கெடச்சுது, எனக்கு சைட் அப்பர்.

தாம்பரத்துல ஏறும்போதே அத்தை கேட்டாங்க, "பாலத்துல போறப்போ எழுப்பி விடுறா". பாலம் மூடியிருக்குன்னு ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். "சரிங்க அத்தை, பஸ்ல போறப்போ எழுப்புறேன்"னேன். "பஸ்ஸுல போனா அது பாலமாடா?"ன்னாங்க.

ராமநாதபுரம் வந்துச்சு. வண்டி முழுக்க ஒரே நேரத்துல எறங்குது. எப்பவும் அந்த ஸ்டேஷன்ல கொஞ்சம் பேர் எறங்குவாங்க, மிச்சம் வண்டியோட போயிடும். இப்ப 20க்கும் மேல பெட்டி, அத்தன ஜனமும் ஒரே பிளாட்பாரத்துல, எல்லாரும் வயசானவங்க, எல்லார் கையிலயும் செம்பு, பித்தளைக் குடம், மாத்துத்துணி மூட்டை. வெளிய வந்தா பஸ்ஸு இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன், அமாவாசைக்குன்னு ஸ்பெஷல் பஸ்ஸும் விட்டிருந்தாங்க. ஆனா வண்டி எறங்குன கூட்டத்துக்கும் பஸ்ஸு ஏறுற கூட்டத்துக்கும் நடுவுல ஒரு முப்பது நாப்பது நிமிஷம் காத்துல விட்ட மாதிரி இருந்துச்சு, யாரும் இங்க வாங்க அங்க போங்கன்னு சொல்லல, வேன்காரங்க மட்டும் "ராமேஸ்வரம் ராமேஸ்வரம்"னு கையப் புடிச்சு இழுக்கறாங்க. ஒரு ராஜஸ்தான் குடும்பம், எட்டு பேரு, டிக்கெட்ட எடுத்து எடுத்துப் பாக்கறாங்க, ஊரு வந்துடுச்சுன்னு நினைச்சு "மந்திர் கிதர்"னு கேட்டாங்க. கோயில் இன்னும் 55 கிலோமீட்டர்னு என் அரைகுறை இந்தியில சொன்னேன், அந்தப் பெரியவர் மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு.

நாங்க ஒரு வேன்ல ஏறினோம். உச்சிப்புளி, மண்டபம் தாண்டி ரோட்டுப் பாலம் ஏறறப்ப லேசா வெளிச்சம் வந்துடுச்சு, அங்க வண்டி வரிசையா நிக்குது. காரணம் என்னன்னு பாத்தா பாதிப் பேரு கார ஓரங்கட்டிட்டு எறங்கி ரயில் பாலத்த போட்டோ எடுக்கறாங்க! ஓடாத பாலத்த பாக்கறதுக்கு ஜனம் நிக்குது, அந்த பாலத்துல போயிருக்க வேண்டிய ஜனம் அதனால டிராபிக்ல மாட்டிக்கிட்டு இருக்கு. ஸ்படிக லிங்கம் கெடைக்கல. தர்ப்பணம் குடுத்தோம், 22 கிணறும் ஆச்சு, அத்தை நாலாவது கிணத்துலயே நடுங்க ஆரம்பிச்சுட்டாங்க, ராத்திரி சரியா தூங்காதது வேற. குத்தம் யாரையும் சொல்லல. இத எழுதறதுக்கு காரணம், ஆவணத்துல இது "பகுதி ரத்து"ன்னு ஒரு வரியில முடிஞ்சிடும், அதுக்குள்ள இவ்வளவு இருக்கு.

பழைய பாலம் ஏன் கை விட்டுச்சு

1911ல ஆரம்பிச்சு 1914ல முடிச்ச பாலம். ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல கப்பல் போறதுக்கு ஷெர்சர்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் பேர்ல இருக்கற தூக்குப் பாலம், ரெண்டு கை மாதிரி மேல திறக்கும். அதத் திறக்கறது கையால. ஆளுங்க நின்னு லீவர சுத்தி சுத்தித்தான் திறப்பாங்க, கடைசி வரைக்கும் அப்படித்தான் நடந்துச்சு. மீட்டர் கேஜுக்கு கட்டுன பாலம், 2007ல அத பிராட் கேஜுக்கு மாத்துனாங்க. இங்க கொஞ்சம் நிக்கணும். மீட்டர் கேஜ் வண்டி எடைக்குன்னு போட்ட வடிவத்த 93 வருஷம் கழிச்சு பலப்படுத்தி கனமான பிராட் கேஜ் வண்டிய ஏத்துனாங்க. அதுக்கு முன்னாடி ராமேஸ்வரத்துக்கு நேரா வடக்கேருந்து வண்டி வர முடியாது, அதுக்கு அப்புறம் காசி, ஓகா எல்லாம் வந்துச்சு. ஊருக்கு கெடச்ச பெரிய லாபம். ஆனா பாலத்துக்கு வயசு குறையல.

கடல் உப்பு இரும்ப என்ன பண்ணும்னு கடலோரத்துல வீடு கட்டி ஜன்னல் கம்பி பாத்தவங்களுக்குத் தெரியும். உலகத்துலயே துரு அதிகம் புடிக்கற எடத்துல மயாமிக்கு அடுத்தது பாம்பன்தான்னு ரயில்வே ஆளுங்க அடிக்கடி சொல்வாங்க. காத்து வேற. காத்து வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர தாண்டினா சிக்னல் தானா சிவப்பாயிடும், வண்டி கரையிலேயே நிக்கும். 2013 ஜனவரியில கடற்படைக்குச் சேர வேண்டிய ஒரு பார்ஜ் (சரக்கு மிதவை) கட்டு விட்டு வந்து பாலத்துல மோதுச்சு, அதுக்கு சில நாள் நின்னுச்சு. 2018 டிசம்பர்ல ஷெர்சர் தூக்குப் பாலத்துல விரிசல் கண்டுபுடிச்சு கிட்டத்தட்ட மூணு மாசம் வண்டி போகல. ஓடுன காலத்துலயும் கடைசி வருஷங்கள்ல மணிக்கு 10, 15 கிலோமீட்டர்தான், அதாவது பாலத்த தாண்டவே பத்து நிமிஷம்.

அந்த பத்து நிமிஷத்துக்காகவே ராமேஸ்வரம் போனவங்க உண்டு, நான் உள்பட. கதவுல நின்னு கீழ பாத்தா பாலம் கண்ணுக்கே தெரியாது, பக்கவாட்டுல கைப்பிடி சுவர்னு ஒண்ணும் கிடையாது, படிக்கட்டுக்கு கீழ நேரா தண்ணி. சக்கரம் டடக்... டடக்...னு அவ்வளவு மெதுவா. உள்ள யாராவது ஒரு பாட்டி "ராமநாதா"ன்னு கும்புட்டுட்டு காசு வீசுவாங்க, காசு கடல்ல விழற வரைக்கும் பாக்கலாம். இன்ஜினியருக்கு அது வேகக் கட்டுப்பாடு, அதாவது பாலம் முடியலன்னு சொல்ற அறிகுறி. நமக்கு அதுதான் டிக்கெட் காசுக்கு வசூல்.

ஆக 2018 விரிசலே பெரிய எச்சரிக்கை மணி. அடுத்த மார்ச்லயே, 2019 மார்ச் 1ஆம் தேதி, கன்னியாகுமரியில வச்சு பிரதமர் புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினாரு. அப்ப நினைச்ச கணக்கு என்னன்னா புதுசு ரெடியாகற வரைக்கும் பழசு தாக்குப்புடிக்கும்னுதான். 2020ல வேலை ஆரம்பிச்ச கையோட கொரோனா வந்துச்சு. கடல்ல வருஷத்துல சில மாசம்தான் நிம்மதியா வேலை செய்ய முடியும். புதுசு பாதியில இருக்கும்போதே 2022 கடைசியில பழசு போதும்னு கையத் தூக்கிடுச்சு. ரெண்டு கோடும் சந்திக்கவே இல்ல, அந்த இடைவெளிக்குத்தான் 835 நாள்னு பேரு.

46க்கும் 835க்கும் நடுவுல

இப்ப ஆரம்பத்துல விட்ட கேள்வி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல், பாம்பன்லேருந்து தனுஷ்கோடி போன 653ஆம் நம்பர் பாசஞ்சர் வண்டிய அலை அப்படியே முழுங்கிடுச்சு, உள்ள இருந்த நூத்துக்கும் மேல ஆளுங்கள்ல ஒருத்தரும் மிஞ்சல. தனுஷ்கோடி ஊரே போச்சு. பாலத்துல 126 கர்டர் (தூணு மேல வைக்கற இரும்பு உத்தரம்) கடலுக்குள்ள. தூக்குப் பாலம் மட்டும் அதிசயமா நின்னுச்சு. ரயில்வே ஆறு மாசம் கணக்கு போட்டுச்சு, மேல இருந்தவங்க மூணு மாசத்துல முடிங்கன்னாங்க, அப்ப முப்பது சொச்சம் வயசுல இருந்த இ. ஸ்ரீதரன் 46 நாள்ல முடிச்சாரு. எப்படின்னா புது கர்டருக்காக காத்திருக்கல, கடலுக்குள்ள விழுந்தத மீனவங்க துணையோட தேடி எடுத்து திரும்ப ஏத்துனாரு.

நியாயமா பாத்தா ரெண்டையும் தராசுல வைக்க முடியாது. அது இருந்த தூணு மேல இருந்த இரும்பத் தூக்கி வச்ச வேலை. இது கடலுக்குள்ள 333 பைல் (அஸ்திவாரத் தூண்) அடிச்சு, பழசவிட மூணு மீட்டர் உயரமா, 18.3 மீட்டர்ல 99 ஸ்பானும் (தூணுக்கும் தூணுக்கும் நடுவுல இருக்கற பாகம்) நடுவுல 72.5 மீட்டர்ல ஒரு தூக்குற ஸ்பானும் வச்சு புதுசா கட்டுனது. அந்த தூக்குற ஸ்பான் மட்டும் 660 டன், நேரா செங்குத்தா 17 மீட்டர் மேல போகும், இந்தியாவுல இந்த மாதிரி ரயில் கடல் பாலம் இதான் முதல் தடவ. ரயில்வேயோட கட்டுமான நிறுவனம் ஆர்விஎன்எல் கட்டுனாங்க, 550 கோடி சொச்சம். அந்த ஸ்பான கரையிலேருந்து நகர்த்தி நடுக்கடல் வரைக்கும் கொண்டு போனதே மாசக்கணக்கு. அதுக்கெல்லாம் நேரம் ஆகும், ஆகட்டும்.

நான் சொல்ல வர்றது வேற வித்தியாசம். 1964ல தீவுக்கு போக இந்த ரயில் பாலம் ஒண்ணுதான் வழி, ரோட்டுப் பாலமே கிடையாது. பாலம் சரியாகலன்னா தீவுல இருக்கறவனுக்கு அரிசி வர்றதே பாடு. அதனால அவசரம் எல்லாருக்கும் தெரிஞ்சுது. 1988ல ரோட்டுப் பாலம் திறந்தாச்சு. 2022ல ரயில் நின்னப்போ யாரும் பட்டினி கிடக்கல, கோயில் காலியாகல, டூரிஸ்ட் பஸ்ஸும் காரும் எப்பவும் போல வந்துச்சு, ஹோட்டல்காரங்களுக்கும் பெருசா கொறை இல்ல. கஷ்டம் யாருக்குன்னு பாத்தா ராத்திரி ஸ்லீப்பர்ல வர்ற வயசானவங்களுக்கு, மதுரை பாசஞ்சர்ல கொஞ்சக் காசுல போயிட்டு வந்துக்கிட்டிருந்த தீவு ஜனத்துக்கு, பாஷை தெரியாத வடக்கத்தி யாத்ரீகருக்கு. இவங்க மூணு பேரும் சத்தம் போடற ஆளுங்க கிடையாது. மாத்து வழி இருந்ததாலதான் அவசரம் தெரியாம போச்சுங்கறது என் கணிப்பு, பாலத்து வேலையில அவசரம் காட்டணும்னு சொல்லல, ஆனா அந்த மாத்து வழிய சேவையோட ஒரு பகுதியா யோசிச்சிருக்கலாமே. ராமநாதபுரத்துல வண்டி எறங்கற பிளாட்பாரத்துக்கு நேரா பஸ்ஸு, டிக்கெட்டுலயே பஸ் காசும் சேத்து, இந்தியில ஒரு போர்டு. செலவுன்னு பாத்தா அந்த 550 கோடிக்கு முன்னாடி தூசு. வண்டி தாமதமானா பஸ்ஸும் நிக்கும்ங்கற ஒரு ஏற்பாடு இருந்திருந்தா அந்த ராஜஸ்தான் பெரியவர் அன்னிக்கு அப்படி நின்னிருக்க மாட்டாரு.

டெர்மினல் பக்கமும் ஒரு விஷயம் இருக்கு, யாரும் கவனிக்க மாட்டாங்க. நீண்ட தூர வண்டி போயி நின்னா அதோட வேலை முடியல. தண்ணி ஏத்தணும், பெட்டி கழுவணும், பிட் லைன்ல நிறுத்தி அடிப்பக்கம் சோதிக்கணும். அதுக்கான வசதி ராமேஸ்வரத்துல இருந்துச்சு, பாலத்துக்கு அந்தப் பக்கம். மண்டபம் வண்டி வந்து தங்கறதுக்குன்னு கட்டுன ஸ்டேஷனே இல்ல, சும்மா நின்னுட்டு போற ஸ்டேஷன். அத டெர்மினலா மாத்துனா எத்தன வண்டிய தாங்கும்? அதான் வண்டிங்கள மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் பிரிச்சாங்க. எந்த வண்டி எதுல நிக்கும்னு பயணி ஒவ்வொரு தடவையும் தேடிப் பாத்துக்கணும்.

திறந்தப்பவும் சிக்கல் இல்லாம இல்ல

2024 நவம்பர் 13, 14ல ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து சோதனை பண்ணாரு. அவரு அறிக்கை காரசாரமா இருந்துச்சு. வடிவமைப்புல ஆர்டிஎஸ்ஓ (ரயில்வேயோட ஆராய்ச்சி, தரநிர்ணய அமைப்பு) தரமுறைய பின்பத்தல, திட்டம் போட்டதுலேருந்தே கோளாறுன்னு எழுதிட்டாரு, துருப்புடிக்கறத தடுக்க எடுத்த ஏற்பாடு பத்தியும் கேள்வி கேட்டாரு. ரயில்வே தரப்பு இது வெளிநாட்டு நிறுவனம் வடிவமைச்சு ஐஐடி சரிபாத்ததுன்னு பதில் சொல்லுச்சு, அஞ்சு பேர் கமிட்டி ஒண்ணும் போட்டாங்க. இத்தன எழுதுன அதே ஆணையர்தான் நிபந்தனையோட அனுமதியும் குடுத்தாரு, பாலத்துல 75 கிலோமீட்டர் வேகம், தூக்குற ஸ்பான்ல 50.

இத ஒரு சாரார் ஊழல்னாங்க, இன்னொரு சாரார் அரசியல்னாங்க. எனக்கு என்னமோ இந்த சண்டை நடந்ததே நல்லதுன்னுதான் தோணுது. உள்ள நடக்கற வாக்குவாதம் காகிதத்துல வெளிய வந்துச்சு, இல்லன்னா நாம ரிப்பன் வெட்டுற போட்டோ மட்டும்தான் பாத்திருப்போம். துரு விஷயத்துல அவங்க பண்ணதா சொல்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்சேன் பெயின்ட், முழுசா வெல்டிங் பண்ண இணைப்பு. இதெல்லாம் சரியா தப்பான்னு அடுத்த இருபது வருஷ உப்புக்காத்துதான் சொல்லும்.

ஒரு நல்ல காரியம், தூணெல்லாம் ரெட்டை லைன் தாங்கற மாதிரி கட்டியிருக்காங்க, இப்போதைக்கு ஒரு லைன்தான் போட்டிருக்கு. ஆனா மானாமதுரையிலேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் தரையில இருக்கறதே ஒத்த லைன், அது அப்படியே இருக்கற வரைக்கும் பாலத்துல ரெண்டு லைன் போட்டு என்ன பண்றது. அமாவாசைக்கு ஸ்பெஷல் வண்டி கூடுதலா விட்டா கிராசிங்குக்கு எங்கயாவது நிக்கத்தான் வேணும்.

திறப்பு அன்னிக்கு கொடி அசைச்ச வண்டி ராமேஸ்வரம் தாம்பரம் எக்ஸ்பிரஸ், 16103/16104. இது சேதுவும் போட் மெயிலும் போகாத வழியில போகுது, மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கின்னு கடலோர டெல்டாவ சுத்தி காரைக்குடி. பட்டுக்கோட்டைக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க, கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடுன காலத்துக்கு அப்புறம் மெட்ராசுக்கு தினசரி ராத்திரி வண்டிங்கறது அவங்களுக்கு என்னன்னு. ராமேஸ்வரம் யாத்ரீகருக்குன்னு விட்ட வண்டி, ஆனா அதனால உண்மையா வாழ்வு வந்தது நடுவுல இருக்கற ஊருங்களுக்குத்தான்னு நான் நினைக்கிறேன்.

புதுசு திறந்தப்பவும் பழைய பாலம் பக்கத்துலயே நின்னுச்சு. அதக் கழட்டறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்த ஷெர்சர் துண்ட மட்டுமாவது எங்கயாவது கரையில நிறுத்தி வைங்கப்பான்னு ஒரு ஆசை.

2025 ஆடி அமாவாசை, ஜூலை 24. திரும்ப அத்தையோட கிளம்பினேன், இந்த தடவ வண்டி நேரா உள்ளயே போகும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியே அத்தை சுருக்குப் பையிலேருந்து ஒரு ரூபா காசு ரெண்டு எடுத்து முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டாங்க, ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு அப்பாவுக்காம். மண்டபம் தாண்டினதும் எழுப்பினேன். எழுந்து கண்ணாடிய மாட்டி, ஜன்னல தூக்கி விடச் சொல்லி, முந்தானை முடிச்ச அவுக்கறாங்க, அவுக்கறாங்க, அது இறுகிக்கிச்சு. வெளிய கருப்பா தண்ணி, தூரத்துல ரோட்டுப் பாலத்து லைட்டு வரிசை, சத்தமே இல்லாம வண்டி வழுக்கிக்கிட்டு போகுது, ஸ்பான் கிட்ட கொஞ்சம் வேகம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். முடிச்சு அவுந்தப்போ வெளிய பனை மரம் வந்துடுச்சு.

"என்னடா, அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"பாம்பன் வந்துடுச்சுங்க அத்தை."

காச உள்ளங்கையில வச்சு ஒரு நிமிஷம் பாத்தாங்க, திரும்ப முடிஞ்சுக்கிட்டாங்க. அன்னிக்கு ஸ்படிக லிங்கம் பாத்தோம். திரும்பி வரும்போது சாயங்கால வெளிச்சத்துல, இந்த தடவயும் பாலத்த கோட்டை விட்டுடக் கூடாதுன்னு, ராமேஸ்வரத்துல வண்டி நகர்றதுக்கு முன்னாடியே ஜன்னல்ல கைய வெளிய நீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.